ஒன்று முதல் ஏழு வரை

சென்னையில் யாரோ மொழிபெயர்த்து அனுப்பிய தாள்.
பன்னிரண்டு கேள்விகள்.
அந்த மே மாதத்து இரவில்
தலைவர் கொல்லப்பட்ட செய்தி உங்களை வந்தடைந்தபோது
நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் சொன்னது,
என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன உடுத்தியிருந்தீர்கள்.
கடைசியில் ஒரு கட்டம்:
எவ்வளவு நிச்சயம்?
ஒன்று முதல் ஏழு வரை.

எனக்கு நாளுக்கு இருநூறு ரூபாய், பஸ் காசு தனி.

சின்னப்பாலத்தில் நம்புத்தாய்
பாசி உலர்த்திய தார்ப்பாயை விட்டு எழவில்லை.
வருசம் தெரியாது என்றாள்.
அட்டமி கழிஞ்ச தண்ணி, சரியா வத்தாத தண்ணி,
கச்சான் கிளம்பி நாலு நாள்.
"நாங்க ஒம்பது பேரு அன்னைக்குத் தீவுக்குப் போகல."
நீங்கள்? நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்?
"அதான் சொல்றேன்ல. நாங்க."
ஒன்பது பெயரும் சொன்னாள்,
யார் காலில் பார் கிழித்த புண் இருந்தது என்பது வரை.
அந்த ஒன்பதில் அவள் எத்தனையாவது என்று
எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.
தாளில் ஓர் ஆளுக்குத்தான் கோடு போட்டிருந்தது.
மீதி எட்டுப் பேரை ஓரத்தில் நுணுக்கி ஏற்றினேன்.

கீழக்கரையில் சீனி நெய்னா
சுபுஹுக்கு ஒளு செய்துகொண்டிருந்தார்.
வலது கால் கழுவியாயிற்று.
ஹவுளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சொன்னார்கள்.
இடது காலைக் கழுவினேனா இல்லையா
என்று இத்தனை வருசமாக யோசிக்கிறார்.
"செய்தியில சந்தேகமில்லம்மா, ஏழு போட்டுக்க.
காலுக்குத்தான் நம்பர் இல்ல."

தங்கச்சிமடம் கித்தேரியம்மாளுக்கு
அது வணக்க மாதம்.
மாதா சுரூபத்தின் முன் ஜெபமாலை,
நாலாவது தேவரகசியம், முழங்காலில் மணல்.
அப்போதுதான் மிக்கேல் ஓடிவந்து சொன்னான்.
ஜெபமாலை எட்டு மணிக்கே முடிந்துவிடும்.
குண்டு வெடித்தது பத்துக்கு மேல்.
மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.
"நாலாவது" என்றாள். "அஞ்சாவது நாங்க சொல்லவே இல்ல."
ஏழு.

எனக்கு அப்போது ஒன்பது வயது, உச்சிப்புளி.
செவ்வாய்க்கிழமை ராத்திரி
அப்பா விளக்கடியில் உட்கார்ந்து நகம் வெட்டினார்.
செவ்வாயில் நகம், அதுவும் விளக்கு வைத்த பிறகு.
வேண்டாம் என்று அம்மா சொன்னதும்
விடிந்ததும் பஸ் ஓடாததும்
எனக்கு ஒரே நூலில் கோத்தவை.
பத்தாம் வகுப்புவரை
அவரைக் கொன்றதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு என்றே நம்பினேன்,
யாரிடமும் சொன்னதில்லை.
போன பொங்கலுக்குக் கேட்டபோது
அப்பா தலையில் அடித்து சத்தியம் செய்தார்.
செவ்வாயில் ஒருநாளும் வெட்டியதில்லையாம்.
சின்னச் சின்னப் பிறைகளாகத் தரையில் கிடந்த நகங்களை
நான் இப்போதும் எண்ணிச் சொல்வேன்.

மண்டபம் முகாமில்
மூன்றாவது வரிசை, ஆறாவது கதவு. யோகராணி.
எங்கே இருந்தீர்கள்?
"நித்திரை, பிள்ளை."
யார் சொன்னது?
"ஒருத்தரும் சொல்லேல்ல. நல்ல நித்திரை."
அடுத்த கதவிலும் நித்திரை.
அதற்கடுத்த வீட்டில்
அந்த வருசம் பிறந்திராத பையன்கூட
தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு நித்திரை என்றான்.
அந்தக் கடற்கரை முழுக்க விழித்துக்கொண்ட ராத்திரியில்
ஒரு வரிசை மட்டும்
அத்தனை ஆழமாகத் தூங்கியிருக்கிறது.
எழுதிக்கொண்டேன், சொன்னபடியே.

தேத்தண்ணி தந்தாள். சீனி தூக்கல்.
செருப்பை மாட்டும்போது
பின்னாலிருந்து, மெதுவாக:
"ரேடியோவை ஆர் நிப்பாட்டினது எண்டு மட்டும்
கேக்காதேங்கோ."

என் தாளில்
ரேடியோ பற்றிக் கேள்வியே இல்லை.

திரும்பிப் போய்க் கடைசிக் கட்டத்தைக் காட்டினேன்.
ஒன்றில் விரலை வைத்தாள்.
நான் மை வைக்கும்வரை
எடுக்கவில்லை.